திறந்து காட்டாத துப்பாக்கி

அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரோரியும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், நியூசிலாந்தில் இப்போது வசந்தம் என்கிறாய், இங்கே இலை உதிர்ந்து கொட்டுகிறது, ஒரே பூமியில் இது எப்படி நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை முழு நம்பிக்கை வரவில்லை. இங்கே நாங்கள் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. போன கடிதத்தில் நீ கேட்டதற்குத்தான் இந்தப் பதில். பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் அப்பா கையெழுத்து இல்லை, ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறார், இவ்வளவு தூரத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனதற்கு அவருக்கு இன்னும் என் மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, பாலை மோந்து பார்க்காமல் ஊற்ற மாட்டேன், இறைச்சிக் கடைத் தராசில் விரல் இருக்கிறதா என்று பார்க்காமல் நகர மாட்டேன், புதுப் பாதிரியார் முகம் எப்போதும் சிரித்தபடி இருப்பதே எனக்குப் பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட நான் நாற்பது வருஷம் கூட இருந்த மனிதரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் தப்பான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஷயம் மே மாதம் ஆரம்பித்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோசும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கி வைத்திருந்தேன், அப்பா தட்டைப் பார்த்தபடியே, டோரிஸ், ஒரு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், சின்ன இருபத்திரண்டு தோட்டா போடறதுதான், விலை கம்மியா, சும்மா டப்பா, அட்டை சுடறதுக்கு என்றார். என் முள்கரண்டி நின்றுவிட்டது. கிழிந்த பூட்ஸுக்குப் பசை தடவிப் போட்டுக்கொள்ளும் மனிதர் புதிதாக எதையோ வாங்குகிறேன் என்கிறார், அதுவும் அவர் காலமெல்லாம் கேலி செய்த சாமானை. துப்பாக்கி கிளப்பில் யாராவது, சுடச் சுடத் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் கொண்டு வந்தால் உன் அப்பா என்ன சொல்வார் என்று உனக்கு நினைவிருக்கும், ஒண்ணுல அடிக்கத் தெரியாதவனுக்குத்தான்டா பத்து வேணும் என்பார். அவருக்கு அவருடைய அப்பா விட்டுப்போன பழைய துப்பாக்கி போதும். ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் பக்கத்தில் இருக்கும் தாழைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும், அந்த நிதானத்தில்தான் குறி இருக்கிறது என்று உனக்கும் அதில்தான் சொல்லிக் கொடுத்தார். வருஷா வருஷம் அக்டோபரில் கிளப்பில் நடக்கும் ஹாம் போட்டியில், அட்டையின் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் சுட்டவனுக்கு ஒரு முழு ஹாம், உப்பிட்ட பன்றித் தொடை, பரிசு, அதை எத்தனை தடவை அந்தத் துப்பாக்கியாலேயே வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். அப்படி இருக்க இது எதற்கு என்றேன். வயசாச்சு, கொஞ்சம் ஜாலியா சுடலாம்னுதான் என்றார். ஜாலி என்ற வார்த்தையை உன் அப்பா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

முதலில் ஹார்டுவேர் கடை ட்வைட் மேல்தான் சந்தேகம் வந்தது. ஆணி, பெயிண்ட், விதை எல்லாவற்றுக்கும் பின்னால் அவன் துப்பாக்கி மாட்டி வைத்திருக்கிறானே, அங்கே விற்காமல் கிடப்பதை இவர் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் பெவர்லி. உனக்குத் தெரியாது, தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று நம் ஊருக்கு வந்திருக்கும் விதவை, நரை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கிளப்பில் வியாழக்கிழமை தோறும் செமி ஆட்டோமேட்டிக் வைத்து டப்பாவைச் சிதறடிக்கிறாள். உன் அப்பாவும் திடீரென்று வியாழக்கிழமை தவறாமல் போக ஆரம்பித்தார். ஒரு நாள் துவைக்க எடுத்த சட்டைக் கைமடிப்பில் கற்பூரமும் புதினாவும் கலந்த தைல வாசனை. நம் வீட்டில் அந்தத் தைலம் கிடையாது. பெவர்லி முழங்காலுக்குத் தைலம் தடவுகிறவள் என்று ஊருக்கே தெரியும், அவள் பக்கத்தில் நின்றால் மூக்கு எரியும். அவள் முழங்கால் வாசனை உங்க கைமடிப்புல எப்படி வந்துச்சு என்று கேட்டேன். உன் அப்பா கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சும்மா சிரித்துவிட்டு, உனக்கு மட்டும் எங்கிருந்துதான் இதெல்லாம் தோணுதோ என்று வெளியே போய்விட்டார். மறுக்கவே இல்லை. அந்தக் கோடையில் பெவர்லியைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை.

அதனால் துப்பாக்கி பார்க்கப் போனபோது நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். எனக்குத் துப்பாக்கி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, என் அப்பா எனக்குப் பொம்மை வாங்கித் தருவதற்கு முன்னால் தோட்டா வாங்கித் தந்தவர். ட்வைட் மூன்றை எடுத்து மேஜை மேல் வைத்தான். முதலாவது இந்த மாவட்டத்தில் பாதி வீட்டில் இருப்பது, ஹார்லன், இதைக் கொண்டுபோங்க, உங்க பேரன் காலம் வரைக்கும் உழைக்கும், என்ன வேணா மாத்தி மாட்டிக்கலாம் என்றான். விலை சற்று கூடத்தான், ஆனால் பொருள் நல்ல பொருள், நான்கூட வாங்கலாம் என்று தலையை ஆட்டினேன். உன் அப்பா கேட்டது ஒரே கேள்வி, கடைசித் தோட்டா போனதும் இது தானா திறந்து நிக்குமா என்றார். நிக்காது, நாமதான் கைப்பிடியை இழுத்துத் திறக்கணும், அதுல என்ன இருக்கு என்றான் ட்வைட். அப்ப வேணாம் என்று நகர்த்தி வைத்துவிட்டார். இரண்டாவது மரக்கட்டை வைத்தது, பார்க்க லட்சணமாக இருந்தது, கடைசியில் தானாகவே திறந்தும் நிற்கும், ஆனால் குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய், அதன் முனையைத் திருகி உருவிவிட்டுத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அந்தத் திருகும் இடத்தில் விரலை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார், இந்தக் குழாய் வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாது என்றார். மூன்றாவது கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, இருப்பதிலேயே விலை குறைந்தது, விசை துருப்பிடித்த கேட் மாதிரி இழுக்கிறது, விசை கொஞ்சம் கரகரத்தால் வாங்கமாட்டேன் என்று திரும்பி வருகிற ஆள், அதைப் போய்த் தோளில் வைத்துக்கொண்டு இதுதான் என்கிறார். தோட்டாப் பெட்டி கழன்று வருகிறது, அதன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் தோட்டாக்கள் சுலபமாக உள்ளே விழுகின்றன, கடைசியில் திறந்து நிற்கிறது, எனக்கு அது போதும் என்றார். பொம்மைக் கடையில வாங்குன மாதிரி இருக்கு என்றேன்.

அப்போதுதான் அது நடந்தது. விசையை இழுத்துப் பார்த்தவர் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார், மூடியபடியே. மார்லா, உன் அப்பா மூடிய துப்பாக்கியை மனிதர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. கை மாறும்போது திறந்து, உள்ளே காலி என்று கண்ணால் பார்த்து, எதிராளிக்கும் காட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பது இங்கே ஞானஸ்நானம் மாதிரி. என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு என் அப்பா சோதித்துப் பார்க்கவோ மறதியாகவோ மூடிய துப்பாக்கியை நீட்டியபோது, இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திறந்து காட்டுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன் என்றவர். அதைக் கேட்டுத்தான் என் அப்பா இவருக்கு என்னைக் கொடுக்கச் சம்மதித்தார். அந்த மனிதர் கடையில் ட்வைட் முன்னால் மூடியபடி நீட்டுகிறார். நான் வாங்காமல் முகத்தைப் பார்த்தேன். நீயே திறந்து பாத்துக்க, உனக்குத்தான் எதையும் நம்புற பழக்கம் கிடையாதே என்றார், ட்வைட் விழுந்து விழுந்து சிரித்தான். உன் அப்பா மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திறந்தேன். சின்னக் கைப்பிடி, வலுவான ஸ்பிரிங், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து நன்றாகக் கிள்ளி இழுத்தால்தான் வரும். இழுத்துவிட்டு அவருடைய வலது கையைப் பார்த்தேன். படிவம் நிரப்பும் நேரத்தில், நீ போய் வண்டியில உட்காரு, வெயிலா இருக்கு என்றார். வெயில் வண்டியில்தானே இருக்கும். நான் போய் உட்கார்ந்தேன், கண்ணாடி வழியாகப் பார்த்தேன், உன் அப்பா இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

உன் சித்தப்பா எம்மெட்டுக்கு அந்த நோய் எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும், நீதான் அப்போது அவனுக்கு சூப் ஊட்டினாய். முதலில் காரின் சாவியைத் திருப்ப முடியவில்லை என்றான், கட்டை விரல் மரத்துவிட்டது என்று சிரித்தான், மறு குளிர்காலம் நாற்காலி, அதற்கு மறு குளிர்காலம் மூச்சு. உன் அப்பா தம்பியின் சவப்பெட்டியைத் தூக்கியது அந்த வலது கையால்தான். வண்டியில் உட்கார்ந்திருந்தபோது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. பொத்தான் சட்டை எல்லாம் அலமாரியிலேயே கிடக்க, தலை வழியாகப் போடும் சட்டையையே போட்டுக்கொள்கிறார். காப்பிக் கோப்பை இடது பக்கம் வந்துவிட்டது. உன் பிறந்தநாள் அட்டையை மேஜையில் வைத்துப் பேனாவைக் கொடுத்தபோது, நீயே ரெண்டு பேர் பேரையும் போட்டுடு என்று எழுந்து போனார். பழைய துப்பாக்கியின் தாழைத் தூக்கி இழுக்க முடியாமல் போய்த்தான் செமி ஆட்டோமேட்டிக், தன் கையால் திறந்து காட்ட முடியாததால்தான் தானாகத் திறந்து நிற்கும் துப்பாக்கி, அவ்வளவுதான் அவருடைய ஜாலி. நான் ஏன் அப்போதே கேட்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்டால் பெயர் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பெயரை எம்மெட் போன பிறகு இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. பயம், வேறொன்றுமில்லை. அதனால் நான் பெவர்லியைத் திட்டுவதைத் தொடர்ந்தேன், அவர் அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார், கோடை அப்படியே போனது.

ஹாம் போட்டிக்கு முந்தின நாள் ட்வைட் கடையில் தோட்டா வாங்கினேன். நாம் வழக்கமாகச் சுடும் மெதுவான தோட்டா, சத்தம் குறைவு, விலையும் குறைவு, நாய் கட்டிலுக்கு அடியில் ஓடாது. ட்வைட், டோரிஸ் அம்மா, அந்தத் துப்பாக்கிக்கு இது வேணாம், வேகமான தோட்டாதான் பின்னால நல்லா உதைச்சு அடுத்ததை ஏத்தும், இதுல வேகம் பத்தாம நடுவுல சிக்கிக்கும் என்றான். விலை கூடியதை விற்க இவனுக்கு ஒரு சாக்கு என்று நினைத்து, வீட்டுக்கு வந்து உன் அப்பா போட்டிக்கு எடுத்து வைத்திருந்த வேகமான தோட்டாக்களையும் எடுத்துவிட்டு என்னுடையதைப் பையில் வைத்தேன். பழைய துப்பாக்கிக்கு எதைப் போட்டாலும் ஓடும், கையால்தானே இழுக்கிறோம், இது தோட்டாவின் வேகத்தில் ஓடும் சாமான் என்று எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மறுநாள் கிளப்பில் நல்ல கூட்டம். பெவர்லி உன் அப்பாவுக்குப் பக்கத்து மேஜை, தைல வாசனை பின்னால் நின்ற என் வரை வந்தது. உன் அப்பா விசையை இடது விரலால் இழுப்பதற்காகத் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றியிருந்தார், கோடை முழுக்க வியாழக்கிழமைகளில் இதைத்தான் பழகியிருக்கிறார். முதல் இரண்டு நடுப்புள்ளியைத் தொட்டன, தொலைநோக்கியில் நானே பார்த்தேன். மூன்றாவதில் சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி வெளியே விழாமல் துப்பாக்கியின் பக்கத் திறப்பில் நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. தாழ் முழுதாக மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

மற்றவர்கள் சுட்டு முடித்தார்கள். வரிசையை நடத்துகிறவர், எல்லாரும் திறந்து வச்சுட்டுப் பின்னாடி வாங்க என்று கத்தினார். அத்தனை துப்பாக்கியும் திறந்தால்தான் யாரும் முன்னால் அட்டை பார்க்கப் போக முடியும், ஒன்று பாக்கி இருந்தாலும் எல்லோரும் நிற்க வேண்டும். எல்லோரும் நின்றார்கள். உன் அப்பா வலது கையால் கிள்ளிப் பார்க்கிறார், வழுக்குகிறது, இடது கையை மேலே போட்டு வளைத்துப் பார்க்கிறார், துப்பாக்கி ஆடுகிறது. யாரோ பின்னாலிருந்து, ஹார்லன், ஒண்ணுல அடிக்கத் தெரியாதவனுக்குப் பத்தா என்று அவருடைய பேச்சையே திருப்பிச் சொன்னான், சிலர் சிரித்தார்கள், உன் அப்பாவின் கழுத்து சிவந்துவிட்டது. பெவர்லி மெதுவாகக் கையை நீட்டி, நான் திறந்துவிடறேன் ஹார்லன், வியாழக்கிழமை மாதிரி என்றாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அந்த ஒரு வார்த்தையில் புரிந்தது, தைலமும் அவள் கொடுத்ததுதான். நான் அதற்குள் மேஜைக்குப் போய்விட்டேன். வேணாம் பெவர்லி, அது என் வேலை என்று, குழல் முன்னால் பார்த்தபடி இருக்கவே கைப்பிடியை இழுத்தேன், குப்பி தெறித்து விழுந்தது, பெட்டியைக் கழற்றினேன், உள்ளே காலி என்று உன் அப்பாவுக்கும் வரிசைக்காரருக்கும் காட்டினேன். என் தோட்டாதான் சிக்கிச்சு, ட்வைட் சொன்னான், நான் கேக்கலை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். சிரித்தவன் வாயை மூடினான். ஹாம் இந்த வருஷம் பெவர்லிக்கு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். பாதி வழியில், எப்பத் தெரிஞ்சுது உனக்கு என்றார். ட்வைட் கடையிலயே என்றேன். அப்புறம் எதுக்கு பெவர்லியை அவ்வளவு திட்டித் தீர்த்த என்றார். நீங்க அதுக்குப் பின்னாடி நல்லா ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க, எதுக்குக் கலைக்கணும்னுதான் என்றேன். உன் அப்பா சிரித்தார், அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எம்மெட்டுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது என்றார். தெரியும் என்றேன். இன்னும் ஒரே ஒரு ஹாம் ஜெயிச்சுட்டு டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன் டோரிஸ், போயிட்டா அதுக்கு ஒரு பேர் வச்சுடுவாங்க, அதுக்கப்புறம் அது நம்ம வீட்டுலயே குடியிருக்கும் என்றார். வண்டியை ஓரம் கட்டினேன். அந்த வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், நான் அழுவதைப் பார்த்து நாளாகிவிட்டது என்பதால் அவருக்குப் பயமாகிவிட்டது, நாளைக்கே போகலாம் என்று அவராகச் சொன்னார். அந்த மெதுவான தோட்டா சிக்கியிருக்காவிட்டால் அடுத்த ஹாம் என்று இன்னும் ஒரு வருஷம் ஒளித்திருப்பார், அதனால் ட்வைட்டிடம் நான் மன்னிப்பு கேட்கப் போவதில்லை.

நம் ஊர் டாக்டர் கையைத் திருப்பி, தட்டி, கழுத்தை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். கழுத்தெலும்பு நரம்பை அழுத்தலாம், மணிக்கட்டில் நரம்பு மாட்டியிருக்கலாம், இரண்டும் சரி செய்யக்கூடியவை, இல்லையென்றால் எம்மெட்டுக்கு வந்த அதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு நிறையச் சிரித்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை. பிட்ஸ்பர்க் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நரம்பைப் பார்ப்பார்களாம், வருகிற வாரம் போகிறோம். இந்தக் கடிதம் கடல் தாண்டி உன் கைக்கு வருவதற்குள் எங்களுக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், நீ உடனே டிக்கெட் வாங்கிவிடுவாய் என்று பயம். ஆனால் அவர் கோபமாக இருக்கிறார் என்று நீ அங்கே வாடிக்கொண்டிருக்கும்போது நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன். பெண்ணே, உன் மேல் அவருக்கு ஒரு துளி கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் சீக்கிரம் வைத்தால் மனதில் ஒன்றும் நினைக்காதே, பழக்கத்தில் வலது கையால்தான் ரிசீவரை எடுக்கிறார், பிடித்துக்கொண்டே இருக்க அந்தக் கைக்கு முடியவில்லை. முடிவு எதுவானாலும் அவரே உனக்குச் சொல்லட்டும், நான் பக்கத்தில் நின்று ரிசீவரைப் பிடித்துக்கொள்கிறேன். உனக்கு என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் அந்தக் கறுப்புத் துப்பாக்கியைப் பற்றிக் கேள், நல்ல தோட்டா போட்டால் நன்றாகத்தான் சுடுகிறது, அவரே ஒப்புக்கொள்கிறார். நீ ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதே, ரோரி நல்ல பையன்தான் என்றாலும் வங்கிப் புத்தகத்தை நீயும் ஒரு கண் பார்த்து வை.

இதை எழுதும்போது பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்துவிட்டார். சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவார் என்று பார்த்தேன், பேனாவைக் கொடு என்றார். நலம் என்ற அந்த வரியை இப்போது எழுதட்டுமா என்று கேட்டேன், இடம் விட்டு வை, ஊசி குத்தின பிறகு பார்க்கலாம் என்றார். அதனால் இடம் விட்டிருக்கிறேன். கர்த்தர் உங்கள் இருவரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் கைகால் சுகமாக இருக்கட்டும். கீழே என் பெயருக்கு அடியில் கோழி கிளறியதுபோல் இருப்பது உன் அப்பா இடது கையால் போட்டது. அந்த மூன்று எழுத்தைப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று, நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், ஆகையால் அது அவர் கையெழுத்துதானா என்று நீ சந்தேகப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா டோரிஸ்

அப்பா